கிளட்ச் கேபிள் அறுந்தால் காரைக்குடி வரை

கானாடுகாத்தான் பக்கம் கிளட்ச் கேபிள் கைப்பிடி லீவர் முனையில் அறுந்து, பைக்கைத் தள்ளிக்கொண்டே போனதாக எழுதியிருந்தீர்கள் தம்பி. பள்ளத்தூர் தாண்டி எனக்கும் இதே கதைதான். எலெக்ட்ரிக் கடையில் ஒயர் கனெக்டர் வாங்கி, பிளாஸ்டிக்கை உடையுங்கள். உள்ளே இரண்டு ஸ்க்ரூவோடு சின்னப் பித்தளைக் குழல் இருக்கும். பிரிந்த கம்பியை முறுக்கி அதற்குள் விட்டு, கை வலிக்க இறுக்குங்கள். கேபிள் முனையில் லீவருக்குள் மாட்டியிருந்து அறுந்துபோன குண்டுக்குப் பதில் அதுதான். கேபிள் நீளம் பத்தாது, அதைத் தளர்த்தும் திருகான அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிவிடுங்கள்.

கடையே இல்லையா? கிளட்ச் இல்லாமலே ஓட்டலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, காலால் உந்தி வண்டி உருண்டதும் முதல் கியரைத் தட்டுங்கள். கொஞ்சம் குதிக்கும். அப்புறம் ஆக்சிலேட்டரை விடும் நொடியில் கியர் லீவரைத் தட்டினால் அடுத்த கியர் விழும். நிற்கும் முன்பே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். காரைக்குடி கடைத்தெருவுக்குள் மட்டும் இப்படி ஓட்ட வேண்டாம், இறங்கித் தள்ளிவிடுங்கள்.