இங்கிலாந்தின் வயல்களில் பறவைகளும் விலங்குகளும் குளிர்காலத்தை எப்படிக் கடக்கின்றன?

டிசம்பரில் ரயிலிலிருந்து பார்த்த வயல்கள் எல்லாம் வெறும் மண்ணாகக் கிடந்தன என்றும், அங்கே எந்த உயிர்தான் பிழைத்திருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிழக்கு இங்கிலாந்திலுள்ள நார்ஃபோக்கில், சமையலறை ஜன்னலைத் திறந்தால் வயல் தெரியும் வீட்டில் சில ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நான் பார்த்தவரை, இங்கே குளிர்காலத்தில் உயிர்களுக்குச் சோறு போடுவது விவசாயி உழாமலும் வெட்டாமலும் விட்டுவைத்த இடங்கள்தான்.

வயல்களைப் பிரிக்கும் உயிர்வேலிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் ஃபீல்ட்ஃபேர், ரெட்விங் ஆகிய பூங்குருவிகள் அவற்றிலுள்ள ஹாதார்ன் முள்மரத்தின் சிவப்புப் பழங்களை நம்பித்தான் வருகின்றன. ஹாதார்ன் முந்தைய ஆண்டு விட்ட கிளைகளில்தான் பூக்கும் என்பதால், ஆண்டுதோறும் டிராக்டரை விட்டு வேலியை மட்டமாகச் சீவும் பண்ணையில் பழமே இராது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் பழங்கள் தீர்ந்தபின் ஜனவரி, பிப்ரவரியில் வெட்டினால் போதும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டுவதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. வேலியில் படர்ந்த ஐவிக் கொடியைப் பலர் களையாக நினைத்து அறுத்துவிடுகிறார்கள். மற்றப் பழங்கள் தீர்ந்த பிறகு பழுப்பது அதுதான். வேலியடியில் குவிந்த சருகுக்குள் முள்ளெலி உறங்கும். வேலியை ஒட்டி விட்ட அடர்ந்த புல்லில் வயல் எலிகளும், எலிகளைத் தேடிக் கூகையும் இருக்கும்.

வயலுக்குள் முக்கியமானது அரிதாள். முன்பு பார்லியை வசந்தத்தில் விதைத்ததால், அறுவடைக்குப் பின் தாள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சிந்திய தானியத்தையும் களை விதைகளையும் வானம்பாடி, கௌதாரி, யெல்லோஹேமர் என்ற மஞ்சள் நிறச் சிறு பறவை எல்லாம் பொறுக்கித் தின்னும். இப்போது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே கோதுமை விதைப்பதால், அறுத்த சூட்டோடு உழுது அந்தத் தீனியை மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். பிரிட்டனின் வயல்வெளிப் பறவைகள் 1970க்குப் பிறகு பாதிக்கும் கீழே குறைந்ததற்குப் பூச்சிமருந்தோடு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பக்கத்துச் சிறப்பு, சர்க்கரை எடுக்கப் பயன்படும் கிழங்கான சுகர் பீட் விளையும் வயல்கள். கிழங்கைத் தோண்டும் எந்திரம் தழையையும் கிழங்கின் தலைப்பகுதியையும் வயலிலேயே சீவிப் போட்டுவிட்டுப் போகும். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வரும், இளஞ்சிவப்புக் கால்களை உடைய காட்டு வாத்துகள் கடலோரச் சேற்றில் இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் அந்தத் தழைக்காக ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஒரு ஜனவரிக் காலையில் நாய் குரைப்பதாக நினைத்துக் கதவைத் திறந்தேன். வானம் முழுக்க வாத்துக் கூட்டம். அடுத்த வாரமே அந்த வயலை உழுதார்கள். பிறகு ஒன்றுகூட வரவில்லை.

உண்மையில் கொடிய காலம் நீங்கள் வந்த டிசம்பர் அல்ல. பழமும் விதையும் தீர்ந்து, புதிய பூச்சிகள் இன்னும் வராத பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வாரங்கள்தான். பறவைகளுக்கென்றே விதைப்பயிர் வளர்க்கவும், அந்த நாட்களில் தானியம் தூவவும் விவசாயிகளுக்கு அரசு பணம் தருகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் நான்கு சக்கர பைக்கில் வண்டிப்பாதை நெடுகத் தூவிக்கொண்டு போவார். இப்போதெல்லாம் அந்த பைக் சத்தம் கேட்டதுமே யெல்லோஹேமர்கள் வேலி உச்சிக்கு வந்து உட்கார்ந்துவிடுகின்றன.