நியூ ஹேவன் மனு: தொழில் குறையா, கட்சிப் பூசலா?

வணக்கம். 1801இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் துறைமுக வணிகர்கள், புதிய சுங்க அதிகாரியின் நியமனத்தை எதிர்த்து அதிபர் ஜெபர்சனுக்கு அனுப்பிய மனுவை உங்கள் கட்டுரையில் தொழில் குறையாகப் படிப்பதா, கட்சிப் பூசலாகப் படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டையும் பிரிக்காதீர்கள்.

முதலில் சுங்க அதிகாரியின் வேலையைப் பாருங்கள். அன்று வணிகர்கள் இறக்குமதி வரியை உடனே கட்டாமல், பிணையோடு பத்திரம் எழுதிக்கொடுத்து மாதக்கணக்கில் தவணை பெறலாம். அந்தப் பத்திரத்தை ஏற்பவர் அவர்தான். அந்த நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது கப்பல்காரருக்குக் கடன் விவகாரம்.

எதிர்க்கட்சியைச் சேர்ந்த முந்தைய அதிபர் ஆடம்ஸ் பதவியை விட்டுப் போகும் தறுவாயில் நியமித்த சுங்க அதிகாரி குட்ரிச்சை ஜெபர்சன் நீக்கினார். அவர் இடத்தில் சாமுவேல் பிஷப் என்பவரை அமர்த்தினார். பிஷப்புக்கு வயது 77, பார்வை மங்கல், கணக்கு வராது என்றது மனு. ஜூலை 12 தேதியிட்ட பதிலில் ஜெபர்சன், அதே மனிதரைத்தானே ஊர் மேயராகவும் நீதிபதியாகவும் வைத்திருக்கிறீர்கள் என்று மடக்கினார். அருமையான வாதம். ஆனால் பிஷப்பின் மகன் ஏபிரகாம், ஜெபர்சன் கட்சியின் அனல் பறக்கும் பேச்சாளர். 1803இல் தந்தை இறந்ததும் அதே பதவி அவருக்குப் போனது. இதை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் மேற்கோள் காட்டினால் கட்டுரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

கையெழுத்திட்டவர்களில் யாருக்குக் கப்பல் இருந்தது என்று தேடுங்கள். அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.