பொய் சொல்கிற பிள்ளைகளும் பொறி வைக்கிற பெரியவர்களும்: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பெற்றோர் கேட்டவை. பிள்ளைகளின் பொய், கள்ளாட்டம் பற்றி மட்டும் பேசுகிறேன்.

டீச்சர், மூன்று வயது மகன் வாயெல்லாம் சர்க்கரையோடு நின்று "நான் எடுக்கலை" என்கிறான். இந்த வயதிலேயே பொய்யா?

இந்த வயதில்தான் தொடங்கும். 1989இல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் லூயிஸ் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பெரும்பாலோர் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் ஒப்புக்கொண்டது பாதிக்கும் குறைவு.

பொய் சொல்ல ஒரு திறமை வேண்டும்: எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது என்று புரிய வேண்டும். உங்கள் மகனுக்கு அது புரியத் தொடங்கியிருக்கிறது. ஆனால் பொய்யைக் காப்பாற்றத் தெரியாது. "பார்க்கலை" என்ற பிள்ளையிடம் "அப்படின்னா என்ன பொம்மை இருக்கும்?" என்று கேட்டால் சரியான பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்ளும். ஆறேழு வயதில்தான் தெரியாததுபோல் நடிக்க வரும்.

விடை தெரிந்துகொண்டு "நீ எடுத்தியா?" என்று கேட்காதீர்கள். அது பொறி. "சர்க்கரை ஒட்டியிருக்கு, வா கழுவலாம்" போதும்.

தாயம் ஆடும்போது ஐந்து வயது மகள் கட்டையைத் திருப்பிவிடுகிறாள். அவ்வளவு புத்திசாலி, ஏன் இப்படி?

அந்தப் "புத்திசாலி"யைத்தான் கொஞ்சம் குறைக்க வேண்டும். 2017இல் சீனாவில் ஒரு ஆய்வு வந்தது. "நீ கெட்டிக்காரி" என்று புகழப்பட்ட பிள்ளைகள், "இந்தத் தடவை நன்றாகச் செய்தாய்" என்று கேட்டவர்களைவிட அதிகமாகக் கள்ளாட்டம் ஆடினார்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

நாலு அடி போட்டால் திருந்தாதா?

மேற்கு ஆப்பிரிக்காவில் அடிக்கிற பள்ளியையும் அடிக்காத பள்ளியையும் ஒப்பிட்டார்கள். அடி வாங்கிய பிள்ளைகள்தான் அதிகமாகவும் திறமையாகவும் பொய் சொன்னார்கள்.

அங்கன்வாடியில் நேர்மை, வீட்டில் புளுகு. அங்கே மலையாளம், இங்கே தமிழ் என்பதாலா?

பாவம், மொழியை விட்டுவிடுங்கள். ஓரிடத்தில் ஏமாற்றுகிற பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருக்கும் என்று ஹார்ட்ஷோர்ன், மே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1928லேயே எழுதிவிட்டார்கள். வீட்டில் என்ன பயம் என்று பாருங்கள்.

மகள் சுவரில் கிறுக்கிவிட்டு இல்லை என்கிறாள்...

முதல் பதில். பொறி வைக்காதீர்கள்.

இரண்டரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை.

இது என் துறையில்லை. தள்ளிப்போடாமல் மாவட்ட ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 'புலி வருது' கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் பொய் சொல்லாது.

இல்லை, சார். 2014இல் உளவியலாளர் காங் லீ குழுவினர் கிட்டத்தட்ட அதே கதையைத்தான் சோதித்தார்கள், அங்கே ஓநாய். பலனில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய சிறுவன் வாஷிங்டன் (பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி) கதையைக் கேட்டவர்கள்தான் அதிகமாக உண்மை சொன்னார்கள்.

அந்த வாஷிங்டன் கதையே கட்டுக்கதை ஆயிற்றே!

ஆமாம், வாழ்க்கை வரலாறு எழுதியவர் சேர்த்த சரக்கு. ஆனால் முடிவை மாற்றி, பாராட்டை எடுத்துவிட்டுச் சொன்னபோது அதுவும் பலிக்கவில்லை. பாராட்டுதான் வேலை செய்திருக்கிறது.

நம் அரிச்சந்திரன் போதாதா?

சார், உண்மை பேசி நாடு போச்சு, மனைவியையும் மகனையும் விற்றாச்சு, சுடுகாட்டில் வேலை. ஐந்து வயதுப் பிள்ளை இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளும்?

கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைக்கிறதே!

அதற்குள் தூங்கிவிடும். கேட்பதற்கு முன்னால் "உண்மையைச் சொல்றேன்னு வாக்குக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். வாக்குக் கொடுத்த பிள்ளைகள் குறைவாகவே பொய் சொல்கிறார்கள். உண்மை வந்ததும் திட்டாதீர்கள்.

பென்சில் தொலைத்துவிட்டு...

முதல் பதில்!