காசு கொடுத்தால் டிசைன் நம்முடையதாகிவிடுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலைகளுக்கு மெஷின் செய்து கொடுக்கிறோம். கறுப்பு அரிசியைக் கேமராவில் பார்த்து காற்றடித்துத் தள்ளும் கலர் சார்ட்டரைச் சொந்தமாகச் செய்யப் போகிறோம். அதன் எஃப்.பி.ஜி.ஏ. சிப்புக்கு (வேண்டிய சர்க்யூட்டை நாமே எழுதி ஏற்றிக்கொள்ளும் சிப்) டிசைன் எழுத, பெங்களூரு சீனியர் என்ஜினீயர் ஒருவரை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுக்கிறோம். முன்பணம் கேட்கிறார். டிசைன் எங்களுக்குத்தானே சொந்தம்? இரண்டு வருடம் வேறு சார்ட்டர் கம்பெனிக்கு அவர் போகக் கூடாது என்று எழுதி வாங்கலாமா?

பதில்: சொந்தம் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு பணத்தை அனுப்பிவிடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-ன்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். உங்கள் ஆளோ இன்வாய்ஸ் போட்டுப் பணம் வாங்கும் வெளி ஆள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதிய வெரிலாக் கோடு, அதாவது சிப் டிசைனை விவரிக்கும் மொழியில் எழுதிய கோடு, அவருடையது. நீங்கள் கொடுத்த லட்சங்கள் வேலைக்கான கூலி, அவ்வளவுதான்.

அதனால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி அவர் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் "ஓகே சார்" போதாது. நேரில் வர முடியாவிட்டால் ஆதார் இ-சைன் (ஆதார் வழியாக ஆன்லைனில் போடும் கையெழுத்து) போடட்டும். பிரிவு 19-ல்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 ஆண்டுக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் அது காலாவதியாகிவிடும். புது மெஷின் ஆலையில் ஏறவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், இல்லையா? எனவே "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், ஓராண்டு விதி பொருந்தாது" என்று மூன்றையும் எழுதுங்கள்.

அப்புறம், எதை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பிட் ஃபைலை (சிப்பில் ஏற்றும் இறுதி ஃபைல்) மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் மெஷின் ஓடும். ஆனால் நாளைக்குக் கேமராவை மாற்றினால் மறுபடி அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். சோர்ஸ் கோடு, கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைல் (சிப்பின் பின், வேக விவரங்கள்), டெஸ்ட் பெஞ்ச் (டிசைனைச் சோதிக்கும் கோடு), எந்த டூல், எந்த வெர்ஷன் எல்லாம் வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து பில்ட் செய்து, போர்டில் ஏற்றி, அரிசி ஓட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணை. அவர் முன்பே எழுதி வைத்திருந்த பிளாக்குகளை (டிசைனின் தனித்தனிப் பகுதிகள்) சேர்த்தால் அவற்றைப் பட்டியலிட்டு, நிரந்தரமாகப் பயன்படுத்தும் லைசென்ஸ் தரச் சொல்லுங்கள். அவற்றின் உரிமையையும் மாற்றிக் கொடு என்று கேட்பது நியாயமில்லை.

இரண்டு வருடத் தடை செல்லாது. ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 27, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. உங்கள் வேலை நடக்கும்போது போட்டியாளருக்கு வேலை செய்யக் கூடாது என்று போடலாம். முடிந்த பிறகு அவர் எங்கும் போகலாம். உங்கள் ரகசியத்தைக் கொண்டுபோகக் கூடாது. எது ரகசியம் என்பதைத் தெளிவாக எழுதிய ரகசியக் காப்பு ஒப்பந்தம் போடுங்கள்.

டிடிஎஸ், ஜிஎஸ்டி விஷயத்தை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். உரிமை மாற்றக் கையெழுத்து வந்த பிறகு முன்பணம் அனுப்பலாம்.