மாமரத்தடியில் நிற்கும் கேரவன், மூன்றே வாரத்தில் பேட்டரி டவுன்

கேள்வி: காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன கேரவன் டிரெய்லர் வைத்திருக்கிறோம். ஒகேனக்கல், தளி பக்கம் குடும்பத்தோடு போய் வருவோம், மற்ற நாளெல்லாம் தோப்பில் மாமரத்தடியில்தான் நிற்கும். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி, கூரையில் சோலார் பேனல். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுத்தான் பூட்டுகிறோம், ஆனாலும் மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பேட்டரி சுத்தமாக டவுன். ஏற்கெனவே ஒரு பேட்டரி மாற்றியாகிவிட்டது. இன்னும் பெரியதாகப் போடலாமா சார்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தயவுசெய்து பெரிய பேட்டரிக்குப் பணம் போடாதீர்கள். மூன்று வாரத்தில் தீர்ந்தது ஐந்து வாரத்தில் தீரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

லைட்டை அணைத்தாலும் உள்ளே சில சாமான்கள் தூங்குவதே இல்லை. கேஸ் கசிவு அலாரம், ஸ்டீரியோவின் மெமரி, ஜிபிஎஸ் டிராக்கர், நீல விளக்கு எரிகிற யூஎஸ்பி சாக்கெட், இவை எல்லாம் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-அவர், 21 நாளில் உங்கள் 100 காலி. கணக்கு சரியாக உங்கள் மூன்று வாரத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். இன்வெர்ட்டரை ஆன் செய்தபடி விட்டிருந்தால் இன்னும் மோசம், லோடே இல்லாமல் அரை ஆம்பியர் இழுக்கிற இன்வெர்ட்டர்கள் உண்டு, அது ஒன்றே எட்டு, ஒன்பது நாளில் பேட்டரியை முடித்துவிடும்.

எது இழுக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். முதலில் பேனல் மேல் தார்பாய் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் சோலாரில் இருந்து வருகிற கரண்ட் கணக்கைக் குழப்பும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கழற்றிய ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வையுங்கள். அந்த நேரத்தில் பம்ப், ஃப்ரிட்ஜ் எதையும் போடக் கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். அப்புறம் கேரவன் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறார்.

கண்டுபிடித்தாலும் இல்லாவிட்டாலும், பேட்டரி பக்கத்திலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடுங்கள். நிறுத்தும் நாளில் அதைத் திருப்பினால் போதும். கேஸ் அலாரமும் சேர்ந்து அணைந்துவிடும் என்பதால் சிலிண்டர் வால்வை மூடாமல் இறங்கவே இறங்காதீர்கள், இதில் மட்டும் அசட்டை வேண்டாம். சோலார் கன்ட்ரோலரின் (பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்துகிற பெட்டி) ஒயர் அந்த சுவிட்ச் வழியாகப் போகாமல், பியூஸ் வழியாக நேராக பேட்டரிக்கு வர வேண்டும், அப்போதுதான் சுவிட்ச் அணைந்த பிறகும் சார்ஜ் ஏறும்.

ஆனால் மாமரத்தடியில் அது எங்கே ஏறும்? பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை, ஒரு கிளையின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் வெகுவாக இறங்கிவிடும். வண்டி நிழலிலேயே நிற்கட்டும், நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அதுதான் நல்லது, சூடு 10 டிகிரி ஏறினால் பேட்டரி தானாக இறங்குகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சின்னதாக ஒரு 20 வாட் பேனலை நல்ல வெயில் படுகிற இடத்தில் தனியாக வைத்து, கன்ட்ரோலரோடு ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், ஃபுல் ஆனதும் தானே ஃப்ளோட்டுக்கு (ஃபுல்லாகவே வைத்திருக்க மட்டும் கொஞ்சமாகச் சார்ஜ் கொடுக்கிற நிலை) மாறுகிற சார்ஜரில், காற்றோட்டமான இடத்தில் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல், 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் இறுகிப்போகும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் தாங்காது. உங்கள் முதல் பேட்டரி பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும்.

கேள்வி: கழற்றிய பேட்டரியை சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடுமாமே?
– வாசகி, பாலக்கோடு

பதில்: இறங்காதுங்க. அந்தக் காலத்து ரப்பர் பெட்டி பேட்டரிகளுக்குச் சொன்ன பேச்சு அது, இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் பெட்டி. உண்மையில் கவனிக்க வேண்டியது மேல்மூடியை. அங்கே ஆசிட் ஈரமும் தூசியும் படிந்தால் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் அது வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கசியும். மூடிகளை இறுக்கிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு ஈரம் போகக் காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.