விசாவில் இருப்பவர் கதவு தட்டப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஹெச்-1பி வேலை விசாவில் அரிசோனாவின் சாண்ட்லருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு மெக்சிகோ குடும்பத்துப் பெண் ஒருவர், குடியேறிகளின் உரிமைக்காகவும் வாக்காளர்களைத் திரட்டவும் சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போகும் குழுவுக்கு உங்களையும் கூப்பிடுகிறார். போனால் விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம். ஆபீஸ் நண்பர்களோ, "நாம சட்டப்படி வந்தவங்க, நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறார்கள். இதுதானே?

போகலாம். கிரீன் கார்டு வருவதற்கு முன்பே நான் போயிருக்கிறேன். ஆனால் எதையெல்லாம் தொடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு தவறு செய்தால் திருத்திக்கொள்ள வழியே கிடையாது.

வாக்காளர் பதிவுப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதவே கூடாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும் இடத்திலேயே "வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா" என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் ஆமாம் என்று டிக் செய்துவிட்டுப் பல வருடம் கழித்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. குடிமகன் இல்லாதவர் குடிமகன் என்று எழுதிக்கொடுத்தால் அது நாடுகடத்தும் குற்றம். கிரீன் கார்டுக்கான வாசலும் அநேகமாக நிரந்தரமாக மூடிவிடும். அப்புறம் பணம். கிரீன் கார்டு இல்லாதவர் எந்தத் தேர்தலிலும் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. பிரச்சாரக் கடையில் டீ-ஷர்ட் வாங்கினால் அதுவும் நன்கொடைக் கணக்குதான். நீங்களும் காசு வாங்காதீர்கள். சில அமைப்புகள் கதவு தட்டுபவர்களுக்குச் சம்பளம் தரும். ஹெச்-1பியில் உங்கள் கம்பெனியைத் தவிர வேறெங்கும் சம்பளம் வாங்க முடியாது. சம்பளமில்லாத தன்னார்வ உழைப்புக்குத் தடையில்லை.

அரிசோனாவுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. இங்கே பெரும்பாலானவர்கள் தபாலில்தான் ஓட்டுப் போடுகிறார்கள். நடக்க முடியாத பாட்டி ஒருவர், ஒட்டிய உறையை உங்கள் கையில் கொடுத்து, "தபால் பெட்டியில் போட்டுவிடப்பா" என்பார். முன்பெல்லாம் தன்னார்வலர்கள் வாங்கிப் போட்டுவிடுவார்கள். 2016இல் வந்த சட்டம், குடும்பத்தார், பராமரிப்பவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டு போவதைப் பெருங்குற்றமாக்கிவிட்டது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

சரி, "நமக்கு எதுக்கு" என்பதற்கு வருகிறேன். உங்கள் நண்பர்களுக்கு மெலெண்ட்ரெஸ் வழக்கைச் சொல்லுங்கள். 2007இல் கேவ் க்ரீக் என்ற ஊரில் ஒரு வண்டியை ஷெரிஃபின் ஆட்கள் நிறுத்தினார்கள். ஷெரிஃப் என்றால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுண்டி போலீஸ் தலைவர். அதில் பயணியாக இருந்தவர் மெக்சிகோவிலிருந்து முறையான விசாவில் வந்தவர், அதாவது சட்டப்படி வந்தவர். அவரை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் பெயரில் போட்ட வழக்கில்தான், மரிக்கோபா கவுண்டி ஷெரிஃப் ஜோ ஆர்பையோவின் அலுவலகம் இனத்தைப் பார்த்து மக்களை நிறுத்துகிறது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. ரோட்டில் நிறுத்துபவருக்கு முதலில் தெரிவது நம் தோல்தான், விசா ஒப்புதலான ஐ-797 தாள் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ஹெச்-1பிக்காரர் குடும்பத்துக்கான ஹெச்-4 விசாவில் கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகள், பெற்றோருக்குக் கிரீன் கார்டு வரும் முன் 21 வயதாகிவிட்டால் அந்த அந்தஸ்தை இழக்கிறார்கள். சிறு வயதில் வந்து ஆவணமில்லாமல் வளர்ந்தவர்களை நாடுகடத்தாமல் காக்க 2012இல் வந்த டாகா திட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களும் குடியேறிகள்தான். அவர்களுக்காகவும் யாராவது பேச வேண்டும்.

நான் 2003இல் இங்கே வந்தேன். 2010 ஏப்ரல் 23 அன்று ஆளுநர் ஜேன் ப்ரூவர் எஸ்பி 1070 சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டத்துக்குப் புறம்பாக இருப்பவர் என்று சந்தேகம் வந்தால் போலீஸ் குடியேற்றத் தாள் கேட்டே ஆக வேண்டும் என்பது அதன் மையம். எங்கள் அபார்ட்மெண்டில் புல் வெட்ட வருபவர் அந்த மேயில் வருவதை நிறுத்தினார். அவருடைய பையனும் என் மகளும் ஒரே வகுப்பு. அந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போனது என்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் எத்தனையோ வீடுகள் அப்படிக் காலியாயின.

ஃபீனிக்ஸில் சட்டமன்றத்துக்கு எதிரே சில பெண்கள் குவாதலூப்பே மாதா படத்தை வைத்து இரவும் பகலும் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். நூறு நாளுக்கு மேல் அது நடந்தது. ஜூன் வெயிலில் ஒரு நாள் தண்ணீர் பாட்டில்களோடு நானும் போனேன். எனக்கு அவர்கள் மொழியும் தெரியாது, அந்த ஜெபமும் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். ஜூலை கடைசியில் ஒரு நீதிபதி சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நிறுத்தி வைத்தார். 2012இல் உச்ச நீதிமன்றம் மூன்று பிரிவுகளை ரத்து செய்துவிட்டு, தாள் கேட்கும் பிரிவை மட்டும் விட்டுவைத்தது.

ஜெபம் செய்தவர்களும் மாணவர்களும் அதற்குள் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்திருந்தார்கள். சட்டத்தைக் கொண்டுவந்த ரஸல் பியர்ஸ் அப்போது மாநில செனட்டின் தலைவர். பக்கத்து ஊரான மேசாதான் அவர் தொகுதி. அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் தேர்தலுக்குத் தேவைப்பட்ட கையெழுத்து 7,756. செல்லுபடியானதே 10,000க்கு மேல் வந்தது. கையெழுத்து வாங்க வாக்காளர் தகுதி வேண்டும் என்பதால் அந்த வேலையை எனக்குத் தரவில்லை. வாங்கப் போனவர்களை என் காரில் கொண்டுபோய் விட்டேன். 2011 நவம்பரில் அவர் தோற்றார்.

2012 கோடையில் கதவு தட்டப் போனபோது என்னோடு ஜோடி சேர்ந்தவள் பத்தொன்பது வயதுப் பெண். மூன்று வயதில் எல்லை தாண்டி வந்தவள். அவளுக்கும் ஓட்டு கிடையாது, எனக்கும் கிடையாது. அன்றைக்கு எங்கள் வேலை ஒன்றுதான். ஓட்டு இருந்தும் போடாதவர்களை நிரந்தரத் தபால் வாக்குப் பட்டியலில் எழுதவைப்பது. அப்போதெல்லாம் ஒருமுறை எழுதிக்கொடுத்தால் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். கடிகாரம் பார்த்து இரண்டு ஷிஃப்ட் ஓடும் கூலிக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவள்தான் எனக்குப் புரியவைத்தாள். சீட்டு வந்த பிறகு அதே கதவுக்குத் திரும்பவும் போய், "அனுப்பியாயிற்றா" என்று கேட்போம். பேச்சுத் திறமையைவிட அந்த இரண்டாவது, மூன்றாவது தட்டுதான் ஓட்டாக மாறும்.

அந்த வருடம் ஆர்பையோ திரும்பவும் ஜெயித்தார். அன்றிரவு அவள் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை பட்டியலோடு வந்து நின்றாள்.

2016இல் நான் குடியுரிமை வாங்கினேன். என் முதல் ஓட்டு அந்த நவம்பரில். "பாஸ்தா ஆர்பையோ" என்று ஒரு பிரச்சாரம் ஊரெல்லாம் ஓடியது. பாஸ்தா என்றால் ஸ்பானிஷில் போதும். அரிசோனாவின் ஏஇசட் எழுத்துகள் அதற்குள் வருகிற மாதிரி எழுதியிருப்பார்கள். இருபத்து நான்கு வருடம் பதவியில் இருந்தவர், பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். அதே இரவில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் தீர்மானமும் ஜெயித்தது. அதே இரவில்தான் டொனால்ட் டிரம்ப் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். மறு வருடம் நீதிமன்ற அவமதிப்புக்காக குற்றவாளி என்று தீர்ப்பு வந்த ஆர்பையோவை மன்னித்தவரும் அவரே. 2024இல் எல்லையைச் சட்டவிரோதமாகக் கடப்பதை மாநிலக் குற்றமாக்கும் தீர்மானம் 314 இங்கே பெரும்பான்மை பெற்றது. ஆகவே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் போகாதீர்கள்.

உங்கள் பயமும் வீண் பயம் இல்லை. 2025 மார்ச்சில், கல்லூரிப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் பேரில் ஒரு துருக்கி மாணவியின் விசாவை ரத்து செய்து ஆறு வாரம் அடைத்து வைத்தார்கள். பிறகு நீதிபதிதான் விடுவித்தார். பேச்சுரிமை குடிமக்கள் அல்லாதவருக்கும் உண்டு, ஆனால் அதை நிலைநாட்ட நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கலாம். இந்தியா போய் விசா முத்திரை குத்த வேண்டியிருந்தாலோ, நீட்டிப்பு நிலுவையில் இருந்தாலோ, முதலில் குடியேற்ற வக்கீல் ஒருவரைக் கேளுங்கள். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல். தனியாக ஒருவரைப் பாருங்கள். அதுவரை கதவு தட்டாமலே செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. மொழிபெயர்ப்பு, கார் ஓட்டுவது, குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாமே அவர்களுக்குத் தேவைதான்.

போவதாக முடிவு செய்தால் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94இன் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும், அது சட்டம். பதிவுப் படிவங்களைக் குடியுரிமை உள்ளவர் கையாளட்டும், நீங்கள் பேசுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் முதல் நாளே, "எனக்கு ஓட்டு இல்லை, விசாவில் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கதவைத் திறப்பவரிடமும் அதையே சொல்லலாம். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த ஸ்பானிஷ் வாக்கியமே அதுதான்: "யோ நோ புவெதோ வோதார். உஸ்தெத் சி." என்னால் ஓட்டுப் போட முடியாது. உங்களால் முடியும்.