எந்த மருத்துவமனைக்கு முதலில் போவது?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். சென்ற மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குக் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் வலக்கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. எங்களுக்குப் பழக்கமான கிளினிக் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அதன் வாசலிலேயே காத்திருந்தோம். அங்கே ரத்த அழுத்தம் அதிகம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அப்பாவுக்குச் சரியாகாததால் பக்கத்து ஊர் நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே ஸ்கேன் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைந்தபோது மணி பன்னிரண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் கடந்துவிட்டது என்றார்கள். அருகில் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனது எங்கள் தவறா? இனிமேலாவது பெரிய தனியார் மருத்துவமனைக்கு மாற்றலாமா?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, பழகிய மருத்துவரை முதலில் தேடுவது இயல்பு, அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகும் என் மனத்தை விட்டு அகலாதது, பூட்டிய கதவின் முன் நீங்கள் காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

உங்கள் அப்பாவுக்கு வந்தது பக்கவாதம். அது இரண்டு வகைகளில் வருகிறது. மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது என்பதைச் சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். முதல் வகைக்குக் கொடுக்கும், கட்டியைக் கரைக்கும் ஊசியை இரண்டாம் வகைக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவரும் அதைப் போட முடியாது. அந்த ஊசியையும் அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கெடு பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது. அந்த நிலையில் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று குறைப்பதும் நல்லதல்ல. அடைபட்ட பகுதிக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் அதனால் குறைந்துவிடக்கூடும்.

ஆகவே, முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, இடையில் எங்கும் நிற்காமல், இருபத்து நான்கு மணி நேரமும் ஸ்கேனும் இந்த ஊசியும் இருக்கும் இடத்துக்கே நேராகப் போக வேண்டும். பெரும்பாலான மாவட்டங்களில் அது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகவோ மாவட்டத் தலைமை மருத்துவமனையாகவோ இருக்கும். 108-ஐ அழைக்கும்போதே "பக்கவாத அறிகுறி, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று சொல்லுங்கள். போகும் வழியில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

இதைப் படித்துவிட்டு, எதற்கும் பெரிய மருத்துவமனைதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பாம்புக்கடிக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். நான் அவசரப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், கெண்டைக்காலில் துண்டை இறுகக் கட்டியபடி, இரண்டு ஆரம்ப சுகாதார நிலையங்களைத் தாண்டி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். துண்டுக்குக் கீழே கால் கறுத்து வீங்கியிருந்தது. விஷமுறிவு மருந்து அந்த இரண்டு இடங்களிலுமே இருந்தது. விஷம் ரத்த உறைவைக் கெடுத்திருக்கிறதா என்று அறிய, சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கும் சோதனையே போதும். அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. அங்கே மருந்தைத் தொடங்கிய பிறகு மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். நெஞ்சுவலியும் ஏறக்குறைய அப்படித்தான், ஈ.சி.ஜி. எடுத்து முதல் மாத்திரைகளைக் கொடுக்கும் வசதி அருகிலேயே இருந்தால், அங்கு தொடங்குவது நல்லது.

ஓர் இடத்தின் பெருமையையோ தூரத்தையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த நோய்க்கு, இந்த நேரத்தில் அங்கே என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில், உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்குப் போன் செய்து, இரவில் மருத்துவர் இருப்பாரா, ஸ்கேன் எடுப்பார்களா, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று விசாரித்து, விடைகளைச் சமையலறைக் காலண்டரின் பின்புறம் எழுதி வையுங்கள்.

தனியார் மருத்துவமனைக்கு மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருந்தாலும், ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருப்பதாலேயே அங்கு எல்லாச் சிகிச்சையும் கிடைத்துவிடாது. குறிப்பிட்ட சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கு இப்போது தேவைப்படுவது பெரும்பாலும் இயன்முறைப் பயிற்சிதான் (பிசியோதெரபி). கைகால் பலம் திரும்புவது முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக நடக்கும். வாரம் ஒரு முறை திருச்சிக்கோ மதுரைக்கோ போய்வருவதைவிட, பக்கத்திலேயே தினமும் கிடைக்கும் பயிற்சி அவருக்கு அதிகம் உதவும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.